மஞ்சள் துணி சுற்றிய மனோரஞ்சிதம்

அம்மன் என் கனவில் வரவில்லை.

வந்தாள் என்று நான் சொன்னது பொய். வெள்ளிக்கிழமை காலையில், தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயாமல், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, தெருவே கூடி நின்ற இடத்தில் நான் சொன்ன பொய்! மூன்று வருடங்களாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் அதே அம்மனுக்கு விளக்கேற்றி வருகிறேன்.

ஒரு செடிக்காகச் சொன்னேன். ஆமாம்... ஒரு செடிக்காக. சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை. அதே கத்தியும் அதே கூட்டமும் இன்று என் வாசலில் வந்து நின்றாலும் அதையேதான் சொல்வேன். என்னை அரிப்பது அதற்குப் பின்னால் வந்தது. அதற்கும் வருகிறேன். நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் எட்டாவது வரை படித்தவள். செவ்வாய், வெள்ளி தவறாமல் வாசல் மெழுகி, விளக்கேற்றி, ஒரு வேளை மட்டும் உண்பவள். ஆடி மாதம் கூழ் ஊற்றாத வருடம் கிடையாது. என் மகள் விளையாட்டுக்குச் 'சாமி சத்தியமா' என்று சொன்னால்கூட வாயில் ஒன்று போடுவேன். அப்படிப்பட்டவள் சொன்ன பொய் இது!

எங்கள் வீடு சூளகிரியிலிருந்து பேரிகை போகிற சாலையில், புதிதாக மனை பிரித்த இடத்தில் இருக்கிறது. பக்கத்து மனை காலி. அதில் ஆள் உயரத்துக்குப் பார்த்தீனியம். அதைத் தாண்டித் தக்காளித் தோட்டம், அதையும் தாண்டிக் கம்பெனிக் கொட்டகைகள். என் வீட்டுக்காரர் ஓசூரில் வண்டிச் சாமான் செய்கிற கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். மாடியில் ஒரு அறை போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

அதற்கு முன் எட்டு வருடம் நான் ரோஜாப் பண்ணையில் வேலை செய்தேன். பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய கொட்டகைகள். பூ வெட்டுவேன், காம்பு அளப்பேன், இருபது இருபதாகக் கட்டிக் குளிர் அறையில் அடுக்குவேன். ஒட்டுக் கட்டவும் கற்றுக்கொண்டேன். கைப்பிடி அளவு ரோஜா... ஆனால் மூக்கில் வைத்தால் ஒன்றுமே இல்லை! காகிதத்தை முகர்ந்தது போல இருக்கும். "வெளிநாடு போற பூவுக்கு வாசனை எதுக்கும்மா? வாடாம போய்ச் சேந்தா போதும்" என்பார் சூப்பர்வைசர். எட்டு வருடமும் பூவுக்கு நடுவில் நின்றேன். பூ வாசனை அறியாமல் நின்றேன்.

அந்தப் பண்ணையில் மோட்டார் அறைக்குப் பின்னால் யாரும் கவனிக்காத ஒரு மனோரஞ்சிதம் படர்ந்து கிடந்தது. யார் வைத்தார்களோ! மாலையில் வேனுக்குக் காத்திருக்கும்போது அந்தப் பக்கமிருந்து காற்று வந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எந்தப் பழத்தை நினைத்து முகர்கிறோமோ அந்தப் பழத்தின் வாசனை வரும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படியெல்லாம் வரவில்லை. மனோரஞ்சிதத்தின் வாசனைதான் வந்தது. எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

மோட்டார் அறையை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு கிளையில் பதியம் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. திருட்டு என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேர் விட்ட கிளையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் வந்த அன்றுதான், என் வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்கே எனக்கென்று ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நீங்கள் மனோரஞ்சிதம் வளர்க்க நினைத்தால் இதைக் கேளுங்கள். பாவி சொன்னால் செடிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அது காட்டுக் கொடி. பெரிய மரங்களின் நிழலில், உதிர்ந்த இலை மக்கிய மண்ணில் பிறந்தது. உச்சி வெயிலில் வைக்காதீர்கள். காலை வெயில் பட்டு மதியம் நிழல் விழுகிற இடம்தான் அதற்குப் பிடிக்கும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, பாதிக்கு மேல் மக்கிய சாணமும் இலைச் சருகும் போடுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. தேங்கினால் தண்டின் அடி கறுத்து அழுகிவிடும். அடிமரத்தை ஒட்டி எதையும் கொட்டாதீர்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்... அடிமரத்தை ஒட்டி எதையும் கொட்டாதீர்கள்!

பற்றி ஏற ஒரு சுவரோ வேலியோ கொடுங்கள். அதன் காம்பில் வளைந்த கொக்கி இருக்கிறது. தானே பிடித்துக்கொண்டு ஏறும். பூ அந்தக் கொக்கியில்தான் வரும். முதலில் இலையோடு இலையாகப் பச்சையாக இருக்கும், பூத்திருப்பதே தெரியாது. மஞ்சளாக மாறும் அன்றுதான் வாய் திறக்கும். பூ முடிந்ததும் நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல் பொறுமை வேண்டும். விதை போட்டால் பல வருடம் காத்திருக்க வேண்டும். பதியம் போட்டதே எனக்கு இரண்டு வருடம் முடிந்து மூன்றாவது வருடம்தான் பூத்தது.

முதல் பூவை அம்மன் படத்துக்கு வைத்தேன். இரண்டாவது பூவை என் தலையில் வைத்தேன். அன்று சாயங்காலம் நாற்பது வயதுப் பொம்பளை கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த வருடம் ஆடி மாதம் பாம்பு வந்தது.

பக்கத்து வீட்டு நாராயணம்மாதான் முதலில் பார்த்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். இரண்டு மாடு வைத்திருக்கிறாள். குரல் கேட்டால் சூளகிரி பஸ் நிலையத்தில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஏம்மா சரசு! பாமு! பாமும்மா! உன் செடிக்குள்ள பூந்துச்சு!"

ஆறடி நீளச் சாரைப்பாம்பு. செடிக்குள் நுழைந்து, சுவர் சந்து வழியாகக் காலி மனைக்குப் போய்விட்டது. நானும் பார்த்தேன். அதற்குள் தெரு கூடிவிட்டது. மனோரஞ்சிதம் என்றால் பாம்பு வரும், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கொடுவாளோடு வந்தார்.

"ஏம்மே, உனக்குச் செடி வேணுமா, புள்ள வேணுமா? நாளைக்குப் பாப்பாவ கடிச்சா இந்தச் செடியா வந்து பதில் சொல்லும்?"

"அது சாரைங்க. எலி புடிக்க வந்துது. எலி அந்தக் காலி மனையில இருக்குது. மொதல்ல அத வெட்டச் சொல்லுங்க!"

"வாசனைக்குத்தாம்மா வருது" என்றாள் நாராயணம்மா.

"பாம்பு உங்ககிட்ட வந்து சொல்லிச்சா, வாசனை புடிக்க வந்தேன்னு?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓங்கி ஒரு வெட்டு! ஒரு கிளை என் காலடியில் விழுந்தது. அதில் ஒரு பூ இருந்தது... பச்சையாக, இன்னும் மஞ்சளாகாமல், வாய் திறக்காமல்.

இரண்டாவது வெட்டுக்குக் கை மேலே போனது.

"வெட்டாதீங்க! அம்மன் கனவுல வந்தா!"

எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வாய்தான் சொன்னது. என் காதுதான் கேட்டது. நடுவில் நான் இருந்தேனா?

தெரு அடங்கிவிட்டது.

"எப்ப வந்தா?" என்றாள் நாராயணம்மா.

"விடியக்காலம்."

"என்னா சொன்னா?"

"நான் இந்தச் செடியிலதான் இருக்கறேன்... என்மேல கத்தி படக்கூடாதுன்னு சொன்னா."

"அம்மோ!" நாராயணம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உடனே அடுத்த கேள்வி: "என்னா கலர் சீலை கட்டியிருந்தா?"

இதற்கு நான் தயாராக இல்லை. பழுத்த பூ ஒன்றுதான் கண் முன்னால் வந்தது. "மஞ்சள்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்து கொடுவாள் நழுவியது. ஊருக்கெல்லாம் சத்தம் போடுகிற மனுஷன், முகம் வெளுத்து நின்றார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்னா? ஒரு கெளைய வெட்டிட்டனே, பாவி!" என்று அந்தக் கிளையைக் கும்பிட்டு எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அந்தக் கிளைக்குப் பரிகாரமாக அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தேங்காய் உடைக்கிறார்.

என் நாக்கு அழுகிப்போகும் என்று எதிர்பார்த்தேன். அழுகவில்லை. செடி பிழைத்துவிட்டது! அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆமாம், சந்தோஷம். மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஆனால் கத்தியிடமிருந்து காப்பாற்றிய செடியைக் கும்பிடுகிறவர்களிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

அடுத்த வெள்ளிக்கிழமையே நாராயணம்மா புது மஞ்சள் சேலை வாங்கிவந்து அடிமரத்தில் இறுக்கிச் சுற்றினாள். அதன் காலடியில் ஒரு கல் வந்தது. கல்லுக்கு மஞ்சள், குங்குமம். பாம்பும் அம்மனும் ஒன்றுதான் என்று முடிவாகி, பாலும் முட்டையும் வந்தன. தினமும் சொம்பு சொம்பாகப் பால் ஊற்றினார்கள். வேரின் மேலேயே கற்பூரம் ஏற்றினார்கள். அடுத்த தெருப் பெண்கள் வந்தார்கள், கம்பெனி விட்டு வருகிற பெண்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுப் போனார்கள். "நீங்க குடுத்து வச்சவங்கக்கா" என்று என் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பொய் சொன்ன கை என்று யாருக்குத் தெரியும்?

செடிக்குத் தெரிந்தது. புளித்த பாலுக்கு எறும்பு வந்தது. ஈரத் துணிக்குள் பட்டை கறுத்தது. கற்பூரச் சூட்டில் ஒரு பக்கம் வெடித்தது. புரட்டாசியில் இலை மஞ்சளித்து உதிரத் தொடங்கியது. நாராயணம்மா அதைப் பார்த்து, "அம்மா மஞ்சள் பூசிக்கிட்டா" என்று உருகினாள்!

இன்னொரு கனவு கண்டதாகச் சொல்லி நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்களா? அதையும் செய்து பார்த்தேன். "பால் வேணாம்னு சொன்னா" என்றேன்.

"கடைப் பாலு வேணாம்னு சொல்லியிருப்பா" என்றாள் நாராயணம்மா. "என்னுது வீட்டு மாட்டுப் பாலு. நாளையிலருந்து ரெண்டு சொம்பு ஊத்தறேன்."

கொடு என்று சொல்கிற கனவைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். வேண்டாம் என்கிற கனவை யாரும் நம்புவதில்லை.

இனி தாய்ச்செடி தாங்காது என்று எனக்குப் புரிந்துபோனது. மிச்சமிருக்கிற ஒரே வழி, தெரிந்த வழி. பதியம்.

பென்சில் கனத்தில், நன்றாக முற்றிய மூன்று கிளைகளை மேலே தேர்ந்தெடுத்தேன். ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை மோதிரம் போலச் சுற்றி எடுத்து, உள்ளே இருக்கும் வழுவழுப்பைக் கத்தியால் சுரண்டி, நனைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினேன். மேலே வெயில் படாமல் ஒரு துணி சுற்ற வேண்டும். என்ன துணி சுற்றினேன் தெரியுமா? மஞ்சள் துணி! செடி முழுக்க மஞ்சள் துணியாக இருக்கும்போது இது யார் கண்ணிலும் படாது என்று நினைத்தேன்.

பட்டது. எந்தக் கண்ணில் படக்கூடாதோ அந்தக் கண்ணில்.

மாடியில் குடியிருந்தவள் மாரீஸ்வரி. சாத்தூர்ப் பக்கத்துப் பெண். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கம்பெனி வேலை. கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் லீவு போட்டு ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊசி போட்டுப் போட்டு வயிறெல்லாம் கன்றியிருந்ததை ஒருநாள் எனக்குக் காட்டினாள். "டாக்டரம்மா நம்பிக்கையாச் சொல்லுதாகக்கா" என்பாள். ஊசி வலியைவிட, ஊரிலிருந்து மாமியார் போன் பண்ணிக் கேட்பதுதான் அவளுக்கு வலி.

அவள் மாடிப்படியில் இறங்கினால் என் செடியின் மேல்கிளைகள் அவள் முகத்துக்கு நேராக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படியிலேயே நின்றுவிட்டாள். "ஏக்கா... இந்தத் தொட்டில் யாருக்குக் கட்டுனது?"

எங்கள் பக்கத்திலும் சரி, அவர்கள் பக்கத்திலும் சரி, பிள்ளை வரம் கேட்கிறவர்கள் கோயில் மரத்தில் மஞ்சள் துணியில் சின்னத் தொட்டில் கட்டுவார்கள். உள்ளே பிள்ளைக்குப் பதிலாக ஒரு கல் இருக்கும். நார்த்தூள் பொதிந்த என் பதியம், மஞ்சள் துணிக்குள் வயிறு புடைத்து, அச்சு அசல் தொட்டில் மாதிரியே தொங்கிக்கொண்டிருந்தது! நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பதியம் என்று சொன்னால்? அம்மன் குடியிருக்கிற செடியில் கத்தி வைத்தாயா என்று கேட்பார்கள். கத்தி படக்கூடாது என்று சொன்னவளே நான்தான்! கீழே நாராயணம்மா பால் சொம்போடு நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"உனக்குத்தான் மாரீஸ்வரி" என்றேன்.

அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு வேகமாக இறங்கி வந்து என் காலைத் தொட்டாள்... தடுப்பதற்குள் தொட்டுவிட்டாள்.

அன்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த செவ்வாயும் போகவில்லை. அதற்கடுத்த செவ்வாயும்.

நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்! செவ்வாய்க்கிழமைகளில் அவள் செடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

இதுதான்... நான் சொல்ல வந்தது இதுதான். கனவுப் பொய் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் என் வாய் திறக்காமல் இருந்தது.

தை மாதம் வந்தது. குளிர் ஊர் என்பதால் வேர்விட மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று பதியங்களில் ஒன்று காய்ந்துவிட்டது. ஒன்றில் எறும்பு கூடு கட்டிவிட்டது. மூன்றாவதைத் துணி விலக்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் தாளுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர்! அதுதான் மாரீஸ்வரியின் தொட்டில்.

தாய்ச்செடியில் பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டது. இனி ஒரு வாரம் விட்டாலும் கிளையும் போய்விடும். வெட்டினால் அவளுடைய தொட்டிலை வெட்டியவள் ஆவேன். எவ்வளவு நேரம் யோசித்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? அடுப்பில் பால் பொங்குகிற நேரம்கூட இல்லை. அவள் வேலைக்குப் போயிருந்த மதியம், மகளின் பென்சில் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்து, கட்டுக்குக் கீழே அறுத்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். நடுங்கவில்லை.

கிளையைக் கையில் பிடித்துத் திரும்புகிறேன். கேட்டைத் திறந்துகொண்டு மாரீஸ்வரி வருகிறாள். தலைவலி என்று பாதியில் கிளம்பி வந்திருக்கிறாள்.

"ஏக்கா! தொட்டில அறுத்துட்டீகளா?"

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். துணியைப் பிரித்தேன். பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன். "இங்க பாரு மாரீஸ்வரி, இது தொட்டில் இல்ல. வேரு. பாரு, வேரு விட்டிருக்குது..."

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளை வேர்களை விரல் நுனியால் தொட்டாள். அவள் முகம் மாறியது. உண்மையைத்தான் கையில் வைத்துக் காட்டினேன்! அவளோ கண் விரிய என்னைப் பார்த்து, "தொட்டிலுக்குள்ள உசிரு வந்துருச்சாக்கா?" என்று கேட்டாள்.



"ஆமாம்" என்று நான் சொல்லவில்லை. தலையும் ஆட்டவில்லை. "தொட்டி மண்ணு கலக்கணும், புடி" என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து செம்மண்ணும் மணலும் சாணமும் கலந்து நட்டோம். நிழலில் வைத்தோம். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மாசி முடிவதற்குள் தாய்ச்செடி காய்ந்தது. "தொட்டில அறுத்ததால அம்மா கோவிச்சுக்கினு போயிட்டா" என்றாள் நாராயணம்மா. நீ ஊற்றிய பால்தான் கொன்றது என்று நான் கத்தியிருக்கலாம். கத்தினால் அவள் கேட்பாளே, அம்மன் இருந்தால் செடி எப்படிச் சாகும் என்று. பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதானே!

சித்திரையில் மாரீஸ்வரியின் புருஷனுக்கு ஒரகடம் பக்கம் வேலை மாறியது. சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. அவள் தொட்டிச்செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அது என்னோடதுதானக்கா?"

உனக்குத்தான் என்று சொன்னவள் நான். எந்த வாயால் இல்லை என்பது? எதற்காக அம்மன் பெயரில் பொய் சொன்னேனோ, அந்தச் செடியின் கடைசி உயிரை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அடிமரத்தை ஒட்டி எதையும் ஊற்றாதே, துணி சுற்றாதே, மதிய வெயில் ஆகாது, பொறுமையாக இரு என்று படித்துப் படித்துச் சொன்னேன். முன் சீட்டில் கைக்குழந்தையைப் பிடித்ததுபோல் பிடித்துக்கொண்டு போனாள்.

என் சுவர் இப்போது மொட்டையாக இருக்கிறது. நீங்கள் இதைத் தண்டனை என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். செடி எங்கோ உயிரோடு இருக்கிறது. அது போதும் என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன்.

போன வாரம் போன் வந்தது.

"அக்கா! பூத்துருச்சுக்கா! நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சு, இன்னைக்கு மஞ்சளாயிருச்சு. கீழ்வீட்டு ஆச்சியெல்லாம் என்ன வாசனைன்னு கேட்டு மேல வந்துட்டாக!"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மோட்டார் அறைக்குப் பின்னால் கிடந்த செடி... மூன்றாவது வீட்டில் பூத்துவிட்டது!

"துணி கிணி சுத்தலியே?"

"நீங்க சொன்னபடிதான்க்கா. பச்சத்தண்ணி மட்டுந்தான்."

பிறகு, கேட்டேவிட்டேன். இரண்டரை வருடம் கழித்து! "ஆஸ்பத்திரிக்குப் போறியா மாரீஸ்வரி?"

"அத அன்னைக்கே விட்டாச்சுல்லக்கா. தொட்டிலுக்குள்ள உசிரு வந்தப்புறம் ஊசி எதுக்கு? அம்மன் குடுக்கேன்னு சொல்லியும் ஊசி போட்டா, சந்தேகப்பட்ட மாதிரி ஆயிராதா?" சிரித்தாள். "லேட்டானா என்னக்கா? செடியே இப்பத்தான பூத்துருக்கு."

அவளுக்கு இப்போது முப்பத்திநாலு வயது.

கனவு பொய், தொட்டில் பொய், வேர் மட்டும்தான் நிஜம் என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? என்னால் முடியவில்லை. அவள் உடைந்துபோவாள் என்று பயந்தேனா, என்னைக் காறித் துப்புவாள் என்று பயந்தேனா? இரண்டும்தான். எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

"திரும்பப் போ" என்றேன். "இந்த வாரமே போ."

 அவள் மெதுவாகக் கேட்டாள், "அம்மன் சொன்னாகளாக்கா?"

இல்லை என்றால் போகமாட்டாள்.

"ஆமா... சொன்னா."

"என்ன சேலை கட்டியிருந்தாக?"

"மஞ்சள்தான்."

"அப்பச் சரிக்கா. செவ்வாக்கிழம போறேன்."

வேண்டாம் என்கிற கனவு இல்லையே இது! அவள் நம்பிவிட்டாள்.

செவ்வாய் போய்விட்டது. இன்று வெள்ளி. போன் வரவில்லை. நானாகப் பண்ணவும் துணிச்சல் இல்லை. டாக்டரம்மா என்ன சொல்லியிருப்பார்? இத்தனை நாள் எங்கேம்மா போனாய் என்று கேட்டிருப்பாரா? அதற்கு மாரீஸ்வரி என்ன பதில் சொல்லியிருப்பாள்? பிள்ளை வந்தால் அம்மனுக்கு நன்றி சொல்வாள். வராவிட்டால் தன் பக்தியில் குறை என்று தன்னையே திட்டிக்கொள்வாள். இரண்டிலும் என் பெயர் வராது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை!

தாயே, உன்னிடமும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ வந்து சொல்லியிருக்க வேண்டியதைத்தான் நான் சொன்னேன். கத்தி ஓங்கியபோது நீ வரவில்லை, நான் பேசினேன். செவ்வாய்க்கிழமைகளில் நான் ஊமையாக இருந்தேனே, அப்போதாவது நீ பேசியிருக்கலாம். நீயும் பேசவில்லை. இனி மாரீஸ்வரி கேட்கும்போதெல்லாம் உன் வாயாக நானே இருக்க வேண்டுமா? ஒரு தடவை வா... வந்து என்னைத் திட்டிவிட்டாவது போ. மஞ்சள் சேலையில் வேண்டாம். எந்த நிறத்திலாவது வா!

வாசலில் என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நிற்கிறார். கையில் தேங்காய். செடி இருந்த இடத்தில் கல் மட்டும்தான் இருக்கிறது. அதன் முன்னால் உடைக்கப் போகிறார். கிளையை வெட்டிய பாவத்துக்கு.

"ஏம்மே, கற்பூரம் எங்க வெச்ச?"

எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.